டேலியைப் பத்துப் பேர் பத்து இடத்திலிருந்து திறக்க: ரிமோட் சர்வர் அமைக்கும் முழு வழிகாட்டி

கடை ஈரோட்டில், குடோன் சித்தோட்டில், ஆடிட்டர் கோயம்புத்தூரில், முதலாளி பாதி நாள் காரில். டேலி மட்டும் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில். குடோனிலிருந்து போன் வரும், "அண்ணா, இந்த லாட்டு எத்தனை பேல் நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று. கல்லாவில் இருப்பவர் பில் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துச் சொல்வார். ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டிய 11-ஆம் தேதி நெருங்கினால் ஆடிட்டர் ஆபீஸ் பையன் பென்டிரைவோடு வந்து நிற்பான்.

இந்த மாதிரி இடங்களுக்குச் சர்வர் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இங்கே சொல்லப்போவது விண்டோஸ் சர்வர் 2022-இல் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் அமைத்து, 12 பேர் ஒரே நேரத்தில் டேலியைத் திறக்கும் ஏற்பாடு. டேலிக்குப் பதில் வேறு எந்த பில்லிங் சாஃப்ட்வேர் என்றாலும் முறை ஒன்றுதான். இன்ஸ்டால் செய்வது அரை நாள் வேலை, கிளிக் கிளிக் என்று போய்விடும். லைசென்ஸ், பிரிண்டர், வெளியிலிருந்து உள்ளே வரும் வழி, இவற்றில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் அங்கெல்லாம் நிதானமாகச் சொல்கிறேன், மற்றதை ஓட்டமாகக் கடந்துவிடலாம்.

ஃபோல்டரை ஷேர் செய்தால் போதாதா

எல்லோரும் முதலில் செய்து பார்ப்பது அதைத்தான். ஒரே கட்டிடத்துக்குள் கேபிள் இழுத்து வைத்திருந்தால் ஒழுங்காகவே ஓடும். அதையே விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) போட்டு இணையம் வழியாகச் செய்தால், ஒரு லெட்ஜரைத் திறக்க டேட்டா ஃபைலின் துண்டுகள் எத்தனையோ தடவை போய்ப் போய் வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதம் சேர்ந்து கடைசியில் திரை உறைந்த மாதிரி நிற்கும். நடுவில் லைன் கட்டானால் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நின்று, டேட்டா ரிப்பேர் போடும் நிலைமை வரும்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் சாஃப்ட்வேரும் டேட்டாவும் சர்வரிலேயே இருக்கும். வெளியே போவது திரையின் படம், உள்ளே வருவது கீபோர்டு, மவுஸ் அசைவு, அவ்வளவுதான். லைன் போனாலும் செஷன், அதாவது நீங்கள் திறந்து வைத்த வேலை, சர்வரில் அப்படியே நிற்கும், திரும்ப உள்ளே வந்தால் விட்ட வவுச்சரில் விட்ட வரியிலேயே கர்சர் துடித்துக்கொண்டிருக்கும். இது பழைய வித்தைதான். 1998-இல் விண்டோஸ் என்டி 4.0-க்கு டெர்மினல் சர்வர் எடிஷன் என்று வந்தது, 2009-இல் சர்வர் 2008 ஆர்2-வோடு இப்போதைய பெயரை வைத்தார்கள். நம் ஊரில் இன்னமும் டெர்மினல் சர்வர் என்றுதான் பேச்சு, கொட்டேஷன் கேட்கும்போதும் அந்தப் பெயரில் கேட்டால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

ஒரு குறுக்குவழியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். விண்டோஸ் 11 ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும், இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் வெளியே. இதை உடைக்க ஒரு சின்ன ஒட்டு சாஃப்ட்வேர் இணையத்தில் சுற்றுகிறது. அது லைசென்ஸ் விதிக்குப் புறம்பு என்பது ஒரு பக்கம், விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாள் காலை வேலை செய்யாமல் போவது இன்னொரு பக்கம். வேண்டாம். விண்டோஸ் சர்வரிலும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்ற ரோலை (சர்வரில் சேர்க்கும் வேலைப் பகுதியை) போடாமல் விட்டால் நிர்வாக வேலைக்கு என்று இரண்டு பேருக்குத்தான் இடம், அதை வைத்துக் கணக்குப்பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது.

என்ன பெட்டி வாங்குவது

ராம் கணக்கு இப்படிப் போடுங்கள். டேலியும் ஒரு எக்செல் ஷீட்டும் மட்டும் என்றால் ஆளுக்கு 1 முதல் 1.5 ஜிபி போதும். பிரவுசர் திறப்பார்கள் என்றால் அந்தக் கணக்கு உடனே இரட்டிப்பு, ஏனென்றால் ஜிஎஸ்டி போர்ட்டல், பேங்க், இ-வே பில், அப்புறம் யூடியூபில் ஒரு பாட்டு என்று டேப் ஏறிக்கொண்டே போகும். நான் சர்வரில் பிரவுசரைத் தருவதே இல்லை, அது அவரவர் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். அப்படி வைத்துக்கொண்டால் 12 பேருக்கு 32 ஜிபி தாராளம். சிபியு 8 கோர், டிஸ்க் கட்டாயம் எஸ்எஸ்டி, அதுவும் இரண்டு வாங்கி ரெய்டு 1-இல் ஒன்றுக்கு ஒன்று நகலாக. சிபியுவில் மிச்சம் பிடித்து டிஸ்க்கில் செலவு செய்யுங்கள், காலை 10 மணிக்கு எல்லோரும் ஒன்றாக உள்ளே வரும்போது திணறுவது டிஸ்க்தான். யுபிஎஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ரவுட்டரையும் ஸ்விட்சையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். சர்வர் ஓடிக்கொண்டே இருக்க, ரவுட்டர் செத்துக் கிடந்த கடைகள் நிறையப் பார்த்துவிட்டேன்.

லைசென்ஸ்: இங்கே அவசரப்படாதீர்கள்

வாங்க வேண்டியது மூன்று. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட், இது கோர் கணக்கில் விற்பது, குறைந்தது 16 கோருக்கு வாங்க வேண்டும். அப்புறம் சர்வர் சிஏஎல் (கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ், சர்வரைப் பயன்படுத்தும் உரிமை), ஆளுக்கு ஒன்று. அதற்கு மேல் ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) சிஏஎல், அதுவும் ஆளுக்கு ஒன்று. கடைசி இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து ஒன்றை மட்டும் வாங்கி வைத்திருக்கும் இடங்கள்தான் அதிகம்.

ஆர்டிஎஸ் சிஏஎல்லில் இரண்டு வகை. பெர் யூசர் என்றால் ஆளுக்கு, அவர் கடை கம்ப்யூட்டர், வீட்டு லேப்டாப், மொபைல் எதிலிருந்து வந்தாலும் ஒரே லைசென்ஸ். பெர் டிவைஸ் என்றால் கருவிக்கு, அதில் எத்தனை பேர் மாறி மாறி உட்கார்ந்தாலும் ஒன்றுதான். மில்லில் மூன்று ஷிப்ட்டு ஆட்கள் ஒரே கம்ப்யூட்டரில் என்ட்ரி போடுகிறார்கள் என்றால் டிவைஸ் லாபம். நம் கடை மாதிரி இடத்துக்கு யூசர். பதிப்பையும் பாருங்கள்: 2019-க்கு வாங்கிய ஆர்டிஎஸ் சிஏஎல் 2022 சர்வரில் செல்லாது, 2022-க்கு வாங்கியது 2019-இல் செல்லும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. லைசென்ஸ் போடாமலேயே ரோல் 120 நாள் ஓடும். அதனால் "எல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்று விட்டுவிடுவார்கள். 121-ஆம் நாள் காலை யாரும் உள்ளே போக முடியாது. அந்த நாள் எப்படியோ ஜிஎஸ்டிஆர்-3பி போட வேண்டிய 20-ஆம் தேதியாகவே அமையும், என் போன் அன்றைக்கு ஓயாது.

டேலியில் பல பேர் ஒன்றாக வேலை செய்ய கோல்டு லைசென்ஸ் வேண்டும், சில்வர் ஒருவருக்குத்தான். மைக்ரோசாஃப்ட் 365-இன் எக்செல்லைச் சர்வரில் போடுவதாக இருந்தால் ஷேர்டு கம்ப்யூட்டர் ஆக்டிவேஷன் (ஒரே கம்ப்யூட்டரில் பல பேர் பயன்படுத்தும் அனுமதி) உள்ள திட்டம் வேண்டும். பிசினஸ் பிரீமியத்தில் அது உண்டு, பிசினஸ் ஸ்டாண்டர்டில் கிடையாது. வெறும் ரிப்போர்ட் பார்க்க என்றால் லிப்ரே ஆபீஸே போதும்.

ஒரு பெட்டிக்குள் இரண்டு சர்வர்

ரிமோட்ஆப், அதாவது முழு டெஸ்க்டாப்பைக் காட்டாமல் டேலி விண்டோவை மட்டும் பயனாளர் திரைக்கு அனுப்பும் வசதி வேண்டும் என்றால் டொமைன் வேண்டும், அதாவது எல்லா யூசரையும் பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் ஏற்பாடு; அதை நடத்தும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். டொமைன் கன்ட்ரோலரையும் எல்லோரும் உள்ளே வந்து போகும் செஷன் ஹோஸ்ட்டையும் ஒரே விண்டோஸில் வைப்பது, வீட்டுச் சாவிக்கொத்தைத் திண்ணையில் தொங்கவிடுவதற்குச் சமம். ஸ்டாண்டர்ட் லைசென்ஸில் ஒரு சலுகை இருக்கிறது. பெட்டியின் மேல் ஹைப்பர்-வி (ஒரே பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் விண்டோஸ் வசதி) மட்டும் ஓடினால் அதற்குள் இரண்டு விண்டோஸ் சர்வர் விர்ச்சுவல் மெஷின் ஓட்டிக்கொள்ளலாம், கூடுதல் காசு இல்லை.

முதல் மெஷின் டொமைன் கன்ட்ரோலர், 4 ஜிபி ராம் போதும். இரண்டாவது செஷன் ஹோஸ்ட், ஹைப்பர்-வி ஓடும் பெட்டிக்கு (ஹோஸ்ட்) 4 ஜிபி விட்டுவிட்டு மீதியெல்லாம் இதற்கு. செஷன் ஹோஸ்ட்டில் டேட்டாவுக்கு என்று தனி டிஸ்க், டி டிரைவாக.

ஐபி எண்ணை யோசித்து வையுங்கள். ரவுட்டர் வரும்போதே 192.168.1 வரிசையில் இருக்கும், அதையே விட்டுவிடுவோம். ஆனால் ஆடிட்டர் வீட்டு ரவுட்டரும் அதே 192.168.1 வரிசைதான். விபிஎன் போட்டதும் எந்த 192.168.1.12, யாருடைய 192.168.1.12 என்று அவர் கம்ப்யூட்டர் குழம்பிப் போகும். ஆரம்பத்திலேயே கடை நெட்வொர்க்கை 192.168.50 வரிசைக்கு மாற்றிவிடுங்கள். ஹோஸ்ட் 192.168.50.10, டொமைன் கன்ட்ரோலர் 11, செஷன் ஹோஸ்ட் 12, மூன்றும் நிலையான எண்.

கம்ப்யூட்டர் பெயரை டொமைனில் சேர்ப்பதற்கு முன்பே மாற்றுங்கள், பிறகு மாற்றினால் ஆர்டிஎஸ் உடைந்துபோகும். செஷன் ஹோஸ்ட்டின் டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் இடம்) 192.168.50.11 மட்டும் இருக்க வேண்டும். பலர் அங்கே கூகுளின் 8.8.8.8-ஐப் போட்டுவிட்டு "டொமைன் கிடைக்கவில்லை" என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

டொமைனே வேண்டாம், முழு டெஸ்க்டாப்பே போதும் என்றால் ஒர்க்குரூப்பிலும் ஓட்டலாம், அப்போது பெர் டிவைஸ் சிஏஎல்தான் வாங்க வேண்டும். 2019-க்குப் பிறகான சர்வர்களில் ஒர்க்குரூப்பில் பெர் யூசர் வைத்தால் ஒரு மணி நேரத்தில் செஷனைத் துண்டித்துவிடும்.

ரோலை ஏற்றுவது

செஷன் ஹோஸ்ட்டில் டொமைன் அட்மினாக உள்ளே போய் சர்வர் மேனேஜரைத் திறங்கள். மேலே மேனேஜ், அதில் ஆட் ரோல்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ். இரண்டாவது பக்கத்தில் இரண்டு வட்டம் இருக்கும். பழக்கதோஷத்தில் எல்லோரும் மேலே உள்ளதை விட்டுவிட்டு நெக்ஸ்ட் அடிப்பார்கள், அது தப்பு. கீழே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் இன்ஸ்டலேஷன் என்பதைத் தேர்வு செய்யுங்கள். அடுத்து க்விக் ஸ்டார்ட், அதற்கடுத்து செஷன் பேஸ்டு. சர்வர் பெயரைக் காட்டி, தேவைப்பட்டால் ரீஸ்டார்ட் செய்யலாம் என்ற டப்பாவில் டிக் போட்டு டிப்ளாய் கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் அதே யூசரில் உள்ளே வாருங்கள், அப்போதுதான் மீதி வேலை தொடரும். டீ குடித்துவிட்டு வரலாம்.

முடிந்ததும் சர்வர் மேனேஜரின் இடப்பக்கம் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்று ஒரு பிரிவு வந்திருக்கும். ஓவர்வியூவில் படம் மாதிரி வரைந்திருப்பார்கள், அதில் ஆர்டி லைசென்சிங் மேல் பச்சைக் கூட்டல் குறி. அதை அழுத்தி அதே சர்வரைச் சேருங்கள். பிறகு டூல்ஸ் மெனுவில் லைசென்சிங் மேனேஜரைத் திறந்து சர்வரை ஆக்டிவேட் செய்து, வாங்கிய சிஏஎல்லின் எண்களைப் போடுங்கள். இதோடு விடக் கூடாது. ஓவர்வியூவில் டாஸ்க்ஸ், எடிட் டிப்ளாய்மென்ட் ப்ராப்பர்டீஸ் போய், லைசென்சிங் பகுதியில் பெர் யூசர் என்று தேர்வு செய்ய வேண்டும். லைசென்ஸைப் போட்டுவிட்டு இந்த ஒரு வட்டத்தை மறந்ததால் 120 நாள் கழித்து விழுந்த சர்வர்கள் உண்டு. சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆர்டி லைசென்சிங் டயக்னோசர் என்ற கருவி அதே டூல்ஸ் மெனுவில் இருக்கிறது, எச்சரிக்கை எதுவும் இல்லை என்று அது சொன்னால்தான் அடுத்த வேலை.

டேலியை ஏற்றுவது, வெளியிடுவது

செஷன் ஹோஸ்ட்டில் எந்த சாஃப்ட்வேரையும் இரட்டை கிளிக் செய்து சும்மா ஏற்றாதீர்கள். கன்ட்ரோல் பேனலில் இன்ஸ்டால் அப்ளிகேஷன் ஆன் ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் என்று ஒன்று இருக்கும், அதன் வழியாக செட்டப் ஃபைலைக் காட்டுங்கள். அப்போதுதான் சாஃப்ட்வேர் எழுதும் செட்டிங்குகளை விண்டோஸ் பிடித்து வைத்து ஒவ்வொரு யூசருக்கும் கொடுக்கும். இல்லாவிட்டால் அட்மினுக்கு மட்டும் திறக்கும், மற்றவர்களுக்கு ஏதோ ஒரு எரர் வரும், காரணம் தேடி நாள் போகும்.

டேட்டா ஃபோல்டரை டி டிரைவில் வைத்து, டொமைனில் அக்கவுன்ட்ஸ் என்று ஒரு குரூப் உருவாக்கி, அந்த குரூப்புக்கு மட்டும் மாற்றும் உரிமை கொடுங்கள். எவ்ரிஒன் என்று கொடுத்துவிட்டால் வேலை சுலபம்தான், நாளைக்குக் குடோன் பையன் தெரியாமல் ஃபோல்டரையே அழித்தாலும் சுலபம்தான். இன்னொன்று, டேலி வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் (நெட்வொர்க் கதவு எண்) மற்ற சாஃப்ட்வேர்களோடு பேசும். ஒரே சர்வரில் 12 டேலி திறந்தால் முதலில் திறந்தவருக்குத்தான் அந்த போர்ட். டேலியோடு இணையும் வேறு சாஃப்ட்வேர் வைத்திருந்தால் அதற்கென்று ஒரு யூசரை ஒதுக்கி, வேறு போர்ட் கொடுங்கள்.

இனி கலெக்‌ஷன். வெளியிடும் சாஃப்ட்வேர்களையும் அவற்றைத் திறக்கும் யூசர்களையும் சேர்த்த தொகுப்புக்கு அந்தப் பெயர். க்விக் ஸ்டார்ட் ஏற்கெனவே ஒன்றை உருவாக்கி கால்குலேட்டர், பெயின்ட் எல்லாம் வெளியிட்டு வைத்திருக்கும். அவற்றை நீக்கிவிட்டு, ரிமோட்ஆப் பகுதியில் பப்ளிஷ் கொடுத்து டேலியை டிக் செய்யுங்கள். பட்டியலில் இல்லையென்றால் ஆட் கொடுத்து ஃபைலைக் காட்டலாம். கலெக்‌ஷனின் ப்ராப்பர்டீஸில் யூசர் குரூப்ஸில் டொமைன் யூசர்ஸை எடுத்துவிட்டு அக்கவுன்ட்ஸ் குரூப்பைச் சேருங்கள். ரிமோட்ஆப் ஒன்றை வெளியிட்டதும் அந்தக் கலெக்‌ஷனில் முழு டெஸ்க்டாப் ஐகான் காணாமல் போகும், பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

பயனாளர் பக்கம் வேலை குறைவு. பிரவுசரில் சர்வரின் ஆர்டி வெப் பக்கத்தைத் திறந்து, டேலி ஐகானை அழுத்தினால் ஒரு சின்ன ஃபைல் இறங்கும். அதை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டால் போதும், அவர் கண்ணுக்கு டேலி அவர் கம்ப்யூட்டரில் இருப்பது போலவே. மஞ்சள் எச்சரிக்கை வந்தால் அது சான்றிதழ் விஷயம், டிப்ளாய்மென்ட் ப்ராப்பர்டீஸில் சர்டிஃபிகேட்ஸ் பகுதியில் முறையான ஒன்றைப் போட்டால் போய்விடும்.

டேலி விண்டோ மட்டும்தானே தெரிகிறது, வேறெதையும் தொட முடியாது என்று நம்பிவிடாதீர்கள். எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஃபைல் திறக்கும் பெட்டி வரும், அதில் சர்வரின் சி டிரைவ் தெரியும், கெட்டிக்காரன் அங்கிருந்து வேறு எதையும் திறந்துவிடுவான். குரூப் பாலிசியில் (டொமைனில் எல்லோருக்கும் விதி வைக்கும் இடம்) சி டிரைவை மறைக்கும், அணுகலைத் தடுக்கும் இரண்டு விதிகளும் உண்டு. அவை யூசர் பிரிவில் இருப்பதால், செஷன் ஹோஸ்ட்டை ஒரு தனி ஓயுவில் (டொமைனுக்குள் பிரித்து வைக்கும் பிரிவு) வைத்து, அங்கே லூப்பேக் ப்ராசசிங்கை (யூசர் விதிகளைச் சர்வரைப் பொறுத்துப் பொருத்தும் அமைப்பு) இயக்கினால்தான் இந்தச் சர்வருக்கு மட்டும் பொருந்தும். அட்மின்களுக்கு அந்தப் பாலிசி பொருந்தாதபடி விலக்கியும் விடுங்கள், இல்லாவிட்டால் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.

வெளிக்கதவு

இதற்கு என்னிடம் ஒரு தழும்பு இருக்கிறது. சில வருஷத்துக்கு முன் ஒரு நூல் வியாபாரிக்குச் சர்வர் போட்டேன். விபிஎன் அமைக்க நேரமில்லை, ஆடிட்டர் அவசரப்படுத்தினார், "ஒரு வாரத்துக்கு மட்டும்" என்று ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான 3389 போர்ட்டைத் திறந்து விட்டேன். அந்த ஒரு வாரம் எட்டு மாதம் ஓடியது. ஒரு திங்கள்கிழமை காலை போன், "எல்லா ஃபைலும் பேரு மாறிக் கெடக்கு, ஒரு நோட்பேட்ல இங்கிலீஷ்ல ஏதோ எழுதியிருக்கு." போய் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 4625 என்ற எண்ணில் வரிசை வரிசையாகத் தோற்றுப்போன லாகின்கள், நொடிக்குச் சில வீதம், நாள் கணக்காக. கடைசியில் ஒரு யூசர் விழுந்திருந்தது. பெயர் டேலி, பாஸ்வேர்டும் டேலியோடு 123. பேக்கப் எடுக்கும் வெளி டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே செருகி இருந்ததால் அதுவும் பூட்டப்பட்டிருந்தது. ஆடிட்டரின் பென்டிரைவில் ஒரு மாதத்துக்கு முந்தைய நகல் கிடைத்ததால் பிழைத்தோம், ஒரு மாத பில்லை மூன்று பேர் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள். அதற்கு நான் காசு வாங்கவில்லை, வாங்கவும் முகமில்லை.

அதனால் 3389-ஐ இணையத்துக்குத் திறக்காதீர்கள். எண்ணை 33890 என்று மாற்றினாலும் அது ஒளித்து வைப்பதுதான், தேடுகிறவன் எல்லா போர்ட்டையும் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் போகிறான். பாஸ்வேர்டு வலுவாக இருந்தாலும் போதாது. 2019 மே மாதம் வெளியான ப்ளூகீப் ஓட்டை பாஸ்வேர்டே கேட்காமல் பழைய விண்டோஸ்களில் நுழைய விட்டது, அதற்காக ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டது.

சரி, அப்போ வழி என்ன? இரண்டு உண்டு. ஆர்டி கேட்வே என்ற ரோலைச் சேர்த்து எல்லாவற்றையும் 443 போர்ட் வழியாக மறையாக்கத்தில் அனுப்பலாம், அதற்கு வெளியே தெரியும் பெயரும் சான்றிதழும் வேண்டும், பேட்ச் தவறாமல் போட வேண்டும், 2020 ஜனவரியில் கேட்வேயிலேயே பெரிய ஓட்டைகளை அடைத்தார்கள். சின்ன ஆபீசுக்கு நான் பரிந்துரைப்பது வயர்கார்டு விபிஎன். சரியான சாவி இல்லாமல் தட்டினால் அது பதிலே சொல்லாது, வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அங்கே ஒன்றும் இருப்பதாகவே தெரியாது.

வயர்கார்டு உள்ள ரவுட்டராக வாங்குங்கள், மைக்ரோடிக் என்றால் ரவுட்டர்ஓஎஸ் 7-இலிருந்து உண்டு. ரவுட்டரில் ஒரு வயர்கார்டு இன்டர்ஃபேஸ் உருவாக்கி 10.10.10.1 என்ற எண்ணைக் கொடுங்கள், வழக்கமான போர்ட் 51820, யுடிபி. ஒவ்வொரு லேப்டாப்புக்கும் மொபைலுக்கும் தனிச் சாவி, 10.10.10.2, 3 என்று தனி எண். ஒரே சாவியை எல்லோருக்கும் கொடுத்தால் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது எல்லோருடையதையும் மாற்ற வேண்டி வரும். பயனாளர் பக்கத்தில் அனுமதிக்கும் ஐபிக்கள் என்ற இடத்தில் 192.168.50.11, 192.168.50.12 இரண்டை மட்டும் போடுங்கள். எல்லாவற்றையும் அனுமதித்தால் அவர் வீட்டில் பார்க்கும் சினிமாவும் கடை லைன் வழியாகத்தான் போகும். டிஎன்எஸ் இடத்தில் 192.168.50.11, இல்லையென்றால் சர்வர் பெயர் அவருக்குத் தெரியாது. கீப்அலைவ், அதாவது இணைப்பு உறங்காமல் தட்டிக்கொண்டே இருக்கும் இடைவெளி, 25 நொடி.

எல்லாம் சரியாகப் போட்டும் இணைப்பு வரவில்லை என்றால், ரவுட்டர் காட்டும் வெளி ஐபியையும், ஐபி காட்டும் ஏதாவது ஒரு இணையதளம் சொல்வதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் உங்கள் இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே ஐபியைப் பங்கு போட்டுக் கொடுக்கிறது, வெளியிலிருந்து உங்கள் ரவுட்டரை எட்டவே முடியாது. ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காத இடத்தில் டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்று உதவும், உள்ளே ஓடுவது வயர்கார்டுதான்.

விபிஎன் இருந்தாலும் உள்பூட்டும் வேண்டும். டீஃபால்ட் டொமைன் பாலிசியில் அக்கவுன்ட் லாக்அவுட்டை 10 தவறுக்கு என்று வையுங்கள், பாஸ்வேர்டு குறைந்தது 12 எழுத்து. ஆளுக்கொரு யூசர், பொது யூசர் கூடாது. யார் பில்லை மாற்றியது என்று தகராறு வரும் நாளில் அதன் அருமை தெரியும்.

பிரிண்டர், டோக்கன், எழுத்துரு

பயனாளர் கம்ப்யூட்டரில் உள்ள பிரிண்டர் தானாகவே செஷனுக்குள் வந்துவிடும், ஈசி பிரிண்ட் என்ற பொது டிரைவர் அதைப் பார்த்துக்கொள்கிறது. லேசர் பிரிண்டருக்குக் கச்சிதம். டாட் மேட்ரிக்ஸுக்கு அது ஆகாது. பில்லை எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பும், பிரிண்டர் ஒரு வரியை நாலு தடவை கிர்ர் கிர்ர் என்று ஓட்டும், பில் தாளின் பாதியில் கிழியும் இடம் நகர்ந்துபோகும். அதற்கு, பயனாளர் கம்ப்யூட்டரில் உள்ள அதே டிரைவரை அதே பெயரில் சர்வரிலும் ஏற்றுங்கள். குரூப் பாலிசியில் ஈசி பிரிண்ட்டை முதலில் பயன்படுத்து என்ற விதியை டிசேபிள் செய்யுங்கள். பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்டீஸில் ஃபார்ம்ஸ் பகுதியில் உங்கள் தாளின் அளவை, 10-க்கு 6 அங்குலம் என்றால் அதையே, ஒரு பெயர் கொடுத்து உருவாக்குங்கள், பயனாளர் கம்ப்யூட்டரிலும் அப்படியே. டீஃபால்ட் பிரிண்டரை மட்டும் கொண்டு வா என்ற விதியையும் இயக்கினால் பட்டியலில் தேவையற்ற பிரிண்டர்கள் வராது.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் சர்வரின் யுஎஸ்பியில் செருகிவிட்டு "தெரியவே மாட்டேங்குது" என்று சொல்வார்கள். தெரியாது. ரிமோட் செஷனுக்குள் இருப்பவருக்கு அவர் கம்ப்யூட்டரில் செருகிய ஸ்மார்ட் கார்டுதான் தெரியும், சர்வரில் இருப்பது கண்ணில் படாது. டோக்கனை அவரவர் கம்ப்யூட்டரில் செருகி ஃபைலிங்கையும் அங்கேயே செய்வதுதான் நிம்மதி.

தமிழில் பில் போடுகிறவர்கள் கவனிக்க: எழுத்துருவும் தமிழ் 99 கீபோர்டும் சர்வரில் இருக்க வேண்டும், பயனாளர் கம்ப்யூட்டரில் இருந்து பிரயோஜனமில்லை. பழைய பாமினி எழுத்துருவில் வாடிக்கையாளர் பெயர்களை வைத்திருந்தால் அதை எல்லா யூசருக்கும் சேர்த்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

நேர வரம்பு, பேக்கப்

பயனாளர் டேலியை மூடாமல் லேப்டாப்பை மடக்கிவிட்டுப் போனால் செஷன் சர்வரில் உட்கார்ந்திருக்கும். கலெக்‌ஷன் ப்ராப்பர்டீஸில் செஷன் பகுதியில், துண்டிக்கப்பட்ட செஷனை 2 மணி நேரத்தில் முடி என்று வைக்கிறேன். அரை மணி என்று வைத்தால் சாப்பிட்டு வருவதற்குள் பாதி வவுச்சர் போய்விட்டதாகத் திட்டுவார்கள். ரிமோட்ஆப்பை ஒழுங்காக மூடினாலும் செஷன் முழுதாக வெளியேறாது, அதற்கென்று ரிமோட்ஆப் லாக்ஆஃப் நேர விதி ஒன்று குரூப் பாலிசியில் தனியாக இருக்கிறது, அதை உடனடி என்று வையுங்கள். யாருக்காவது சந்தேகம் என்றால் கனெக்‌ஷன்ஸ் பட்டியலில் அவர் பெயரின் மேல் ரைட் கிளிக், ஷேடோ, அவர் திரையை நீங்களும் பார்க்கலாம். அவர் சம்மதம் கேட்கும், கேட்கட்டும், அதை அணைக்காதீர்கள்.

பேக்கப் தினமும் இரவு விண்டோஸ் சர்வர் பேக்கப் வழியாக ஒன்று. அது தவிர வெளி டிஸ்க் இரண்டு, வாரம் ஒன்றாக மாற்றி, மாற்றிய டிஸ்க் முதலாளி வீட்டுக்குப் போக வேண்டும். செருகியே இருக்கும் டிஸ்க் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். மாதம் ஒரு முறை ஒரு கம்பெனி டேட்டாவை வேறு ஃபோல்டரில் மீட்டெடுத்து, டேலியில் திறந்து, கடைசி பில் எண் வரைக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் பேட்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் வரும், நமக்கு அது கிட்டத்தட்ட புதன். அடுத்த ஞாயிறு கடை மூடியிருக்கும்போது போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஒப்படைப்பதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைத்து, யுபிஎஸ் தீர்ந்து எல்லாம் நிற்கும் வரை காத்திருந்து, திரும்பப் போட்டுப் பாருங்கள். முன்னதாக ஹைப்பர்-வியில் ஒவ்வொரு மெஷினுக்கும் தானாகத் தொடங்கும் அமைப்பில் டொமைன் கன்ட்ரோலருக்கு 0 நொடி, செஷன் ஹோஸ்ட்டுக்கு 180 நொடி என்று வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக எழுந்தால் செஷன் ஹோஸ்ட் டொமைனைத் தேடித் தேடிக் களைத்து, காலையில் யாரையும் உள்ளே விடாது. யாரும் எந்தப் பட்டனையும் தொடாமல், கரண்ட் வந்த பத்தாவது நிமிஷம் குடோனிலிருந்து ஒருவர் டேலியைத் திறந்து ஸ்டாக்கைப் பார்த்துவிட்டார் என்றால், சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.